உதடு மரத்துப்போனால் போதாது

ரூட் கேனல் என்றாலே பயப்படுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ராத்திரியெல்லாம் தூங்கவிடாத கீழ்க் கடைவாய்ப் பல் வலியோடு வருகிறவருக்கு, ஊசி போட்ட பிறகும் வலிப்பது அடிக்கடி நடப்பதுதான். "ஊசி போட்டாச்சு, இனி வலிக்காது, சும்மா பயப்படாதீங்க" என்று அதட்டிவிட்டு டிரில்லை வைக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் இன்னும் இருக்கிறது. அது ஒழியவேண்டும். பல் மருத்துவராகத்தான் இதைச் சொல்கிறேன்.

கீழ்த்தாடைக்கான ஊசியைப் பல்லுக்குப் பக்கத்தில் போடுவதில்லை. தாடையின் பின்பகுதியில், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்துக்கு அருகே மருந்தை விடுகிறோம். பெரும்பாலும் அட்ரினலின் கலந்த 2 சதவீத லிக்னோகெய்ன் என்ற மரக்கவைக்கும் மருந்து. கொஞ்ச நேரத்தில் பாதி உதடு தடித்ததுபோல் ஆகிவிடும். மரத்துடுச்சா என்று கேட்டால் நோயாளியும் தலையாட்டுவார். ஆனால் பல்லுக்குள் அழற்சி முற்றியிருந்தால் உதடு மரத்திருக்கும், பல் மரத்திருக்காது. அழற்சியில், வலிச் செய்தியைக் கிளப்பிவிடும் நரம்பின் சோடியம் வாயில்களே மாறிப்போகின்றன. அதிகமாகிவிடும் சில வகைகள் லிக்னோகெய்னுக்கு எளிதில் அடங்குவதில்லை. சரி, பல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஊசி போடலாமே என்றால், வீங்கிய திசுவின் அமிலத்தன்மை அங்கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும். ஆகவே அந்த நாற்காலியில் துள்ளுகிறவர் நடிக்கவில்லை.

இங்கேதான் ஐஸ் வருகிறது. 2019இல் துருக்கி ஆய்வாளர்கள் செய்து பார்த்தது மிக எளிமையான விஷயம். ஊசி போட்ட பிறகு, சின்ன ஐஸ் பொட்டலத்தை அந்தப் பல்லுக்கு நேரே, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் வைத்தார்கள். வைக்காதவர்களைவிட வைத்தவர்களில் அதிகம் பேருக்குப் பல் நன்றாக மரத்தது. எல்லோருக்கும் மரத்துவிடவில்லை, அதையும் சொல்லியாகவேண்டும். குளிர்ச்சி நரம்பில் வலிச் செய்தி போகும் வேகத்தைக் குறைக்கிறது, ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. பல்லின் உட்பகுதி நான்கு பக்கமும் கெட்டிச் சுவர். வீங்க இடமில்லாத அங்கே அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் பெரிய ஆறுதல். சிலர் ஐஸ் தண்ணீர் பாட்டிலோடுதான் கிளினிக்குக்கே வருவார்கள். ஒரு வாய் உறிஞ்சிப் பல்மேல் வைத்துக்கொள்வார்கள், அது சூடானதும் அடுத்த வாய். அவர்களுக்கு ஐஸ் கேட்கும் என்று விளக்கவே வேண்டாம். சிலருக்குக் குளிர் பட்டாலே உயிர் போகும். அதனால் ஊசிக்குப் பிறகுதான் ஐஸ்.

நேரம் இல்லை என்பார்கள் என் தொழில்காரர்கள். வெளியே கூட்டம் உட்கார்ந்திருக்கும்போது ஐந்து நிமிடம் பெரிதுதான், எனக்கும் தெரியும். ஆனால் பாதியில் நோயாளி துள்ளி, நிறுத்தி, மறுபடி ஊசி ஏற்றி, நடுங்கும் மனிதரைச் சமாதானப்படுத்தி வேலையைத் தொடர இதைவிட அதிக நேரம் ஆகும். திறந்த பல்லுக்குள்ளேயே நேராக ஊசி போடுவது எங்கள் கடைசி ஆயுதம். அது வேலை செய்யும், ஆனால் போடும் அந்த நொடியின் வலியை அனுபவித்தவர் மறக்கமாட்டார். அதற்குப் போகுமுன் ஐஸை முயன்று பார்க்காததற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. செலவு என்று பார்த்தால் சுத்தமான தண்ணீர், அதை ஊற்றி உறையவைக்கக் கிருமி நீக்கிய கையுறையின் ஒரு விரல், ஃப்ரீசர். அவ்வளவுதான்.

ஐஸ் வைத்தாலும் உதட்டை மட்டும் நம்பிப் பல்லைத் திறக்கக்கூடாது. குளிர் ஸ்பிரே அடித்த பஞ்சைப் பல்லில் தொட்டுப் பார்த்து, சுள்ளென்று இருந்தால் அடுத்த வகை ஊசிக்குப் போகவேண்டும்.

நோயாளிகள் இதைத் தயங்காமல் கேட்கலாம்: "டாக்டர், ஊசிக்கு அப்புறம் கொஞ்சம் ஐஸ் வைக்கலாமா? தொடங்குமுன் பல்லைச் சோதித்துப் பார்ப்பீர்களா?" குளிர் பட்டால் தோல் தடிப்பவர்கள், விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் ரேனாட் தொல்லை உள்ளவர்கள் மட்டும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு ஐஸ் வேண்டாம், வேறு ஊசி முறைகள் இருக்கின்றன.