வரி மாறட்டும், அவகாசம் கொடுங்கள்

கன்னியாகுமரியில் எங்களுக்கு 14 அறைகள் கொண்ட ஒரு சிறிய லாட்ஜ் இருக்கிறது. அப்பா தொடங்கியது. சாதாரண அறையின் வாடகை 900 ரூபாய்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு வரி கிடையாது. 2022 ஜூலை 18 முதல் அதற்கும் 12 சதவீதம் என்றார்கள். 900 ரூபாய் அறை மறுநாளே 1,008 ரூபாய். சபரிமலை போய்விட்டு வேன் நிறைய வந்து இறங்கும் சாமிமார்கள், "போன வருடம் 900தானே வாங்கினீர்கள்?" என்று கேட்டபோது, ஒவ்வொரு குழுவுக்கும் நின்று விளக்கினேன். பாதிப் பேர் நம்பவில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம். இப்போது அதே அறை 945 ரூபாய். பயணிகளுக்கு நல்லதுதான், மனதார வரவேற்கிறேன். ஆனால் கூடவே உள்ளீட்டு வரி வரவை, அதாவது தொழிலுக்காக நாங்கள் வாங்குவதற்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியை, எடுத்துவிட்டார்கள். படுக்கை விரிப்புச் சலவைக்கு மாதம் 10,000 ரூபாய் பில் வந்தால் அதன் மேல் 1,800 ரூபாய் வரி. முன்பு நாங்கள் கட்டவேண்டிய வரியில் இதைக் கழித்துக்கொள்வோம். இனி அது கைச்செலவு. ஏசி பழுது பார்த்தாலும், சுவருக்குப் பெயின்ட் அடித்தாலும் இதே கதைதான். கடற்காற்றில் ஏசியும் இரும்புக் கதவும் எத்தனை நாள் தாங்கும் என்பது இந்த ஊரில் கட்டடம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். இதை ஈடுகட்ட வாடகையை 50 ரூபாய் கூட்டினால், "வரியைக் குறைத்தும் இவர்கள் குறைக்கவில்லை" என்ற பழி எங்கள் மேல் விழுகிறது.

என் கோபம் விகிதத்தின் மேல் இல்லை, அவகாசத்தின் மேல். 2022இல் வரி விகிதங்களை முடிவு செய்யும் ஜிஎஸ்டி மன்றம் ஜூன் 29 அன்று கூட்டத்தை முடித்தது; 19 நாளில் அமல். 2025இல் செப்டம்பர் 3 அன்று முடிவு. அப்போதும் 19 நாள். செப்டம்பர் 22 நவராத்திரியின் முதல் நாள். பகவதி அம்மன் கோவிலுக்குக் கூட்டம் வரும் நேரத்தில், நான் பில் மென்பொருளை மாற்றச் சொல்லி ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். முன்பணம் வாங்கிய அறைகளுக்கு எந்த விகிதம் என்பதே அன்றைய பெரிய கேள்வி.

அரசால் அவகாசம் கொடுக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். புதிய வருமான வரிச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தது. நடைமுறைக்கு வரும் நாளாக 2026 ஏப்ரல் 1ஐக் குறித்தார்கள். ஏழு மாதம்! பெரிய நிறுவனங்களுக்கு வரிப்பிரிவே தனியாக இருக்கிறது. இங்கே வரவேற்பு மேசையில் இருப்பவனும் நான், கணக்கு எழுதுபவனும் நான்.

பொருள்களின் விலை குறைவதைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. தள்ளினால் வாங்குபவர்கள் காத்திருப்பார்கள், கடைகள் காற்று வாங்கும். ஆனால் வரி கூடுவதும் வரி வரவை நீக்குவதும் ஏப்ரல் 1 அன்று மட்டுமே அமலாகட்டும், மூன்று மாதம் முன்பே சொல்லட்டும். ஜிஎஸ்டி மன்றத்தில் நம் மாநில நிதியமைச்சருக்கும் இடம் இருக்கிறது. மாவட்டத்தில் லாட்ஜ் நடத்தும் நண்பர்கள் ஒன்றாகக் கையெழுத்திட்டு அவரிடம் மனு கொடுப்போம். வரைவை நான் எழுதுகிறேன். சேர விரும்புபவர்கள் கீழே சொல்லுங்கள்.