சர்வர் ஏசிங்க் ஆகாது, தம்பி
"பைண்டிங் கோப்பில் எனேபிள்ஏசிங்க்மேப்பிங்கை (enableAsyncMapping) ட்ரூ என்று வைத்தால் சர்வரும் ஏசிங்க் ஆகிவிடும், டைம்அவுட் வராது" என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு, தம்பி. ஏசிங்க் என்றால் பதிலுக்குக் காத்து நிற்காமல் அடுத்த வேலையைத் தொடர்வது. பைண்டிங் கோப்பு கிளையண்ட் நிரல் எப்படி உருவாக வேண்டும் என்று சொல்வது; அந்த வரி ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் (JAX-WS, ஜாவாவில் வலைச் சேவைகளை அழைக்கும் வழி) கிளையண்டில் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் கூடுதலாக இரண்டு மெத்தட்களைச் சேர்க்கும், அவ்வளவுதான். ஒன்றில் பதில் வந்ததா என்று நாமே அவ்வப்போது பார்க்க வேண்டும். மற்றதில் பதில் வந்ததும் நாம் கொடுத்த ஏசிங்க்ஹேண்ட்லர் தானே இயங்கும். சர்வருக்குப் போகும் சோப் (SOAP, எக்ஸ்எம்எல் வடிவ) செய்தி அதேதான்.

சுங்கை சிப்புட்டில் செம்பனை லாரிகளின் எடையை அனுப்பும் நிரலில் நானும் இதை நம்பி ஒரு வாரம் தொலைத்தேன். திரை உறையவில்லை, சரி. டைம்அவுட் மட்டும் நிற்கவே இல்லை!

அப்புறம், எக்ஸ்எம்எல்லையும் ஜாவா ஆப்ஜெக்ட்டையும் ஒன்றிலிருந்து மற்றதாக மாற்ற உதவும் ஜாக்ஸ்பி (JAXB) கான்டெக்ஸ்ட் ஒன்றையே எல்லாத் திரெட்டும் பகிரலாம். எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்ட்டாக்கும் அன்மார்ஷலரை அப்படிப் பகிராதீர்கள், அது திரெட்-சேஃப் இல்லை, அதாவது பல திரெட்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தப் பாதுகாப்பானது இல்லை.