அழும் குழந்தையின் முகம் சேர்க்கை விளம்பரம் அல்ல

என் மகள் மேடையில் அழுததை அவள் படிக்கும் பள்ளியே ரீல்ஸாக வெட்டி இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறது. சுதந்திர தின விழாவில் பேச வந்த மூன்றாம் வகுப்புக் குழந்தை, மனப்பாடம் செய்த வரி மறந்துபோய், மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, உதடு பிதுங்கி, பக்கவாட்டில் நிற்கும் ஆசிரியையைப் பார்த்து விசும்பத் தொடங்குகிறாள். அந்த முகத்தை நெருக்கத்தில் காட்டி, அதன்மேல் ஒரு சினிமா நகைச்சுவை வசனத்தை ஓடவிட்டு, கண்ணீர் வழியும் இடத்தில் நிறுத்தி, மறுபடியும் பின்னோக்கி ஓட்டி, மறுபடியும் அழவைத்து, கீழே அவள் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாவற்றையும் எழுதி, சிரிக்கும் பொம்மை முகங்களோடு வெளியிட்டிருக்கிறார்கள். இதைச் செய்தது தெருவில் போகும் விடலைப் பையன் அல்ல. ஆண்டுதோறும் கட்டணத்தை ஏற்றி, தேதி தவறாமல் நம்மிடம் வாங்கிக்கொள்ளும் பள்ளி நிர்வாகம் செய்திருக்கிறது.

அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர் "இது உங்க பொண்ணுதானே?" என்று கைப்பேசியை நீட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது. அதற்குள் ஊரில் உள்ள சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டார்கள், கீழ்வீட்டார் பார்த்துவிட்டார்கள், வேன் ஓட்டுநர் பார்த்துவிட்டார். முன்பின் தெரியாத ஆண்கள் அதன் கீழே இதயக் குறி போட்டு வைத்திருக்கிறார்கள். காணொளியை ஒரு நொடி நிறுத்தி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை பளிச்சென்று தெரிகிறது. அதில் தந்தையின் பெயர் இருக்கிறது, அவருடைய கைப்பேசி எண் இருக்கிறது, ரத்த வகை இருக்கிறது, அவள் ஏறி இறங்கும் வேன் நிறுத்தத்தின் பெயரும் இருக்கிறது. எட்டு வயதுப் பெண் குழந்தை மாலையில் எந்த இடத்தில் தனியாக இறங்கி நிற்பாள் என்பதை உலகத்துக்கே அறிவித்த பள்ளியின் வாசலில், "பெற்றோர் அனுமதிச் சீட்டின்றி உள்ளே வரக் கூடாது" என்று பலகை வைத்திருக்கிறார்கள். பெற்றவர்களுக்கு வாயிற்கதவைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளை ஊரார் முன்னால் நிறுத்துகிற இந்த நடைமுறைக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தவர்கள் யார்?

மறுநாள் காலையில் பள்ளிக்குப் போனேன். வரவேற்பறையில் வெகுநேரம் உட்காரவைத்தார்கள். நிர்வாக அலுவலர் என்று ஒருவர் வந்து, "இதுல என்ன மேடம் இருக்கு, எல்லாம் நல்ல கமெண்ட்ஸ்தான் வந்திருக்கு" என்றார். நான் கமெண்டைப் பற்றிக் கேட்க வரவில்லை, என் குழந்தையின் அழுகையை வெளியிட உங்களுக்கு உரிமை கொடுத்தது யார் என்று கேட்க வந்தேன் என்று சொன்னேன். "சோஷியல் மீடியாவை வெளியில ஒரு ஏஜென்சிதான் பார்க்கறாங்க, நாங்க ஃபோட்டோ, வீடியோ மொத்தமா அனுப்பிடுவோம், அவங்களே எடிட் பண்ணிப் போட்டுடுவாங்க" என்று பதில் வந்தது. அதாவது, பள்ளியில் படிக்கும் அத்தனை குழந்தைகளின் முகங்களும், விழா ஒத்திகையில் உடை மாற்றிக்கொண்டு ஓடிவரும் காட்சிகளும், விளையாட்டு நாளில் விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழும் காட்சிகளும், எங்கோ ஓர் அறையில் யாரோ முகம் தெரியாதவர்களின் கணினியில் குவிந்து கிடக்கின்றன. அவர்கள் யார், அந்தப் படங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், வேலையை விட்டுப் போகிறவர் பென் டிரைவில் என்ன எடுத்துக்கொண்டு போவார் என்று கேட்டேன். அந்த அலுவலருக்கு ஏஜென்சி நடத்துபவரின் முழுப் பெயர்கூடத் தெரியவில்லை.

பிறகு சேர்க்கை விண்ணப்பத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்கள். சீருடை, காலணி, தாமதக் கட்டணம் பற்றிய நிபந்தனைகளுக்கு நடுவே, பொடி எழுத்தில், பள்ளி நிகழ்ச்சிகளின் படங்களைப் பயன்படுத்த ஆட்சேபம் இல்லை என்று ஒரு வரி இருந்தது. அடியில் என் கையெழுத்து. "நீங்களே ஒத்துக்கிட்டீங்களே மேடம்" என்று அந்த வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினார்கள். ஒத்துக்கொள்ளாமல் அந்த விண்ணப்பத்தைக் கொடுத்தால் இடம் கிடைத்திருக்குமா? எந்தப் படம், எதற்காக, எங்கே, எத்தனை காலத்துக்கு என்று எதுவுமே சொல்லாமல், இடம் வேண்டுமானால் இங்கே கையெழுத்துப் போடு என்று வாங்குவதைச் சம்மதம் என்று சொல்ல இவர்களுக்கு எப்படி மனம் வருகிறது? கடைசியில் முதல்வரின் அறைக்குள் விட்டார்கள். அவர் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்கவைத்தது. "மத்த பேரண்ட்ஸ் எல்லாம் எங்க பிள்ளையை ஏன் போடலைன்னு சண்டைக்கு வராங்க, நீங்க ஒருத்தர்தான் எடுக்கச் சொல்றீங்க" என்றார். மற்ற பிள்ளைகளின் பெற்றோர் கேட்கிறார்கள் என்பதற்காக என் பிள்ளையின் மானத்தை எடுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கை இவர் எந்தக் கல்வியியல் கல்லூரியில் படித்தார்?

2017 ஆகஸ்ட் 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், குழந்தைகளின் அந்தரங்கத்துக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்றும், சிறுவயதுத் தவறுகளின் விளைவை அவர்கள் வாழ்நாள் முழுக்கச் சுமக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார். குழந்தை தானே அறியாமல் செய்த தவறுக்கே இந்தப் பாதுகாப்பு வேண்டும் என்றால், ஒரு தவறும் செய்யாமல் வரி மறந்து நின்ற குழந்தையை நிறுவனமே பிடித்துப் பொதுவெளியில் நிறுத்துவதை என்னவென்று சொல்வது?

2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தைகளாகவே கருதி, அவர்களுடைய தரவைக் கையாளும் முன் பெற்றோரிடம் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வாங்க வேண்டும் என்கிறது. அந்த ஒப்புதல் குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து, கட்டாயமோ நிபந்தனையோ இல்லாமல் தரப்பட்டதாக இருக்க வேண்டும். கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். குழந்தைகள் தொடர்பான கடமைகளை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2025 நவம்பரில் இந்தச் சட்டத்துக்கான விதிகளை அறிவித்த ஒன்றிய அரசு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசமும் கொடுத்துவிட்டது. கல்வி நிலையங்களுக்குச் சில விலக்குகள் உண்டுதான். ஆனால் அவை கல்விப் பணிக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் கண்காணிப்பதற்குத் தரப்பட்டவை. அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு ஆள் பிடிப்பதற்காகக் குழந்தையின் கண்ணீரைக் காட்டுவது அந்த இரண்டில் எதிலும் அடங்காது. அவகாசம் இருக்கிறது என்பதற்காக அதுவரை எதையும் செய்யலாம் என்று நினைப்பவர்கள் பள்ளி நடத்தத் தகுதியானவர்களா என்றுதான் கேட்கிறேன்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி எழுதினேன். சிலர் கும்பிடும் கைகளைப் போட்டுவிட்டு ஒதுங்கினார்கள். "பள்ளியைப் பகைச்சுக்காதீங்க, நாளைக்குப் பிள்ளைமேலதான் காட்டுவாங்க" என்று ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார். குழந்தையைப் பணயமாக வைத்திருப்பவர்களிடம் பேசுவதுபோல நாம் பள்ளியிடம் பேசப் பழகிவிட்டோம் என்பது அந்த ஒரு செய்தியிலேயே தெரிந்துவிட்டது. இன்னொருவர், "க்யூட்டாத்தானே இருக்கா, ஏன் இவ்வளவு டென்ஷன்" என்று எழுதினார். அவருக்கு இங்கேயே பதில் சொல்கிறேன். வேனில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் அந்த நகைச்சுவை வசனத்தைச் சொல்லித்தான் இப்போது அவளைக் கூப்பிடுகிறார்கள். வீட்டில் யார் வந்தாலும் திருக்குறள் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்த பெண், ஒப்பித்தல் போட்டிக்குப் பெயர் கொடுக்க மாட்டேன் என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். "கேமரா இல்லாத போட்டி இருக்கா அம்மா?" என்று கேட்கிறாள். இதில் எது க்யூட்?

பள்ளியை மட்டும் திட்டிவிட்டு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை, ஏனென்றால் இந்தத் துணிச்சலைப் பள்ளிகளுக்குக் கொடுத்தவர்கள் பெற்றோர்களாகிய நம்மில் பலர்தான். குளிப்பாட்டும்போது எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். காது குத்தும்போது வலியில் கத்துகிற குழந்தையை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறு கையால் படம் பிடிக்கிறார்கள். மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏறும் கையை, மதிப்பெண் அட்டையை, படுக்கையை நனைத்த கதையைக்கூட எழுதிப் போடுகிறார்கள். மஞ்சள் நீராட்டு விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணின் உடலில் நடந்த ஒரு மாற்றத்தை, அவள் பெயரோடும் தேதியோடும் முச்சந்தியில் ஃபிளெக்ஸ் வைத்துச் சொல்வது போதாதென்று, விழாவைப் படம்பிடித்த ஸ்டூடியோக்காரர் தன் தொழில் விளம்பரத்துக்காக அதை யூடியூபில் ஏற்றுகிறார், பெற்றவர்கள் இணைப்பை எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். அந்தப் பெண் கல்லூரிக்குப் போகும்போதும், வேலைக்குப் போகும்போதும், அவள் பெயரைத் தட்டிப் பார்க்கிறவன் கண்ணில் அந்தக் காணொளி படும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டவர் யார்?

உதவி செய்கிறோம் என்ற பெயரில் ஏழைப் பிள்ளைகளுக்குச் செய்வது இதைவிடக் கொடுமை. அரசுப் பள்ளிக்கு நோட்டுப் புத்தகமோ செருப்போ கொண்டுவருபவர்கள், வரிசையில் நிற்கவைத்து, பிள்ளை ஒரு முனையையும் தாங்கள் ஒரு முனையையும் பிடித்தபடி கேமராவைப் பார்த்து நின்றால்தான் கொடுக்கிறார்கள். தந்தையில்லாத பிள்ளை, கூலித் தொழிலாளியின் பிள்ளை என்று கீழே விவரமும் எழுதுகிறார்கள். ஒரு ஜோடி செருப்புக்கு ஒரு சிறுவன் தன் வறுமையை ஊருக்குக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. தனியார் பள்ளியில் படிக்கும் என் மகளுக்காகச் சண்டை போட நானாவது இருக்கிறேன். அந்தச் சிறுவனின் அம்மா யாரிடம் போய்ப் படத்தை எடுக்கச் சொல்வார்?

பொதுத் தேர்வு முடிவுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. பிள்ளைகள்மேல் ஏறும் சுமையைக் குறைக்க அரசுக்குத் தோன்றியது, பள்ளிகளுக்குத் தோன்றவில்லை. இன்றும் மே மாதம் வந்தால் பேருந்து நிலையச் சுவர் முழுக்கப் பிள்ளைகளின் முகமும் மதிப்பெண்ணும்தான்.

படம்தானே என்று சொல்பவர்களுக்கு ஸ்பெயினில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2023இல் அல்மென்ட்ராலெஹோ என்ற சிறு நகரத்தில், பள்ளி மாணவிகள் சமூக வலைத்தளத்தில் போட்டிருந்த சாதாரணப் படங்களை எடுத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு நிர்வாணப் படங்களாக மாற்றி வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். செய்தவர்கள் அவர்களோடு படித்த சிறுவர்கள். மறு ஆண்டு 15 சிறுவர்களுக்கு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பை நீதிமன்றம் விதித்தது. அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் முகம் தெளிவாகத் தெரியும் ஒரு படம். நம் பள்ளிகள் அதைப் பெயர், வகுப்பு, பிரிவோடு, நல்ல வெளிச்சத்தில், விலையுயர்ந்த கேமராவில் எடுத்து, இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

விழா எடுக்க வேண்டாம், படமே எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுங்கள், பெற்றோருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள், நாங்கள் ஆல்பத்தில் வைத்துக்கொள்கிறோம். பொதுவெளியில் காட்டியே ஆக வேண்டுமென்றால் மேடைக்குப் பின்னாலிருந்து, முகம் தெரியாமல், பெயர் போடாமல் எடுங்கள். கேமரா வருவதற்கு முன் பிள்ளைகளின் அடையாள அட்டையைக் கழற்றி வையுங்கள். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை. பிள்ளைகளை மதிக்கும் மனம் இருந்தால் போதும்.

பெரிய சண்டைக்குப் பிறகு, பள்ளியின் பக்கத்திலிருந்து அந்தக் காணொளியை எடுத்தார்கள். தரவிறக்கி வைத்துக்கொண்டவர்களின் கைப்பேசியிலிருந்து யார் எடுப்பது? வேறு இரண்டு நகைச்சுவைப் பக்கங்களில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, புகார் கொடுத்தால் விதிமீறல் ஏதுமில்லை என்று இயந்திரம் பதில் அனுப்புகிறது. இந்த லட்சணத்தில் ஆண்டு விழாச் சுற்றறிக்கை வந்துவிட்டது. நடன உடைக்குப் பணம் கட்ட வேண்டும், நிகழ்ச்சி யூடியூபில் நேரலையாக ஒளிபரப்பாகும், பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்பவும் என்று இருக்கிறது. உடைக்குப் பணம் கட்டிவிட்டேன், ஏனென்றால் அவளுக்கு ஆட வேண்டும். கையெழுத்துக்கு மேலே, என் மகளின் முகத்தையோ பெயரையோ குரலையோ எந்தச் சமூக வலைத்தளத்திலும் வெளியிட நான் ஒப்புதல் தரவில்லை, முன்பு தந்ததாக நீங்கள் சொல்லும் ஒப்புதலையும் இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி, நகல் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பினால் அதே வரியை மறுபடியும் எழுதி, இந்த முறை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புவேன்.