டீ வந்ததும் நின்றுபோன வயலின்

சனிக்கிழமை நம் இசை ரசிகர் கூட்டத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. வந்தவர்களுக்குத் தெரியும். பிரேசில் வயலின் கலைஞர் ஃபஃபா லேமோஸின் இசைத்தட்டைப் போட்டு ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. "இது ஓட்டலில் சாப்பிடும்போது ஓடுகிற சங்கீதம்" என்று ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். டீ வந்தது. பாட்டு நின்றது.

ஐயா, அடக்கி வாசிப்பது சுலபம் என்று உங்களுக்கு யார் சொன்னது? 1950களின் தொடக்கத்தில் ரியோவின் ரேடியோ நசியோனல் வானொலி நிலையத்தில் மூன்று பேர் சேர்ந்தார்கள். கிதாரில் கரோட்டோ, அக்கார்டியனில் ஷிகின்யோ, வயலினில் ஃபஃபா. டிரம்ஸ் கிடையாது, ட்ரம்பெட் கிடையாது. வைத்துக்கொண்ட பெயரே ட்ரியோ சுர்தினா. வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரையில் செருகி ஒலியை அடக்குகிற சின்னக் கட்டைக்குத்தான் சுர்தினா என்று பெயர். பிரேசிலின் சம்பா இசையையும் அமெரிக்க ஜாஸையும் அந்த அடக்கத்துக்குள் கொண்டுவந்தார்கள். பிரேசில் பாடகர் ஜோவாவ் ஜில்பர்ட்டோ காதோடு பேசுவதுபோல் பாடி, அந்த மென்மையான பாணியை போஸா நோவா என்று உலகம் கொண்டாடத் தொடங்கியது 1958-க்குப் பிறகு. இவர்களின் முதல் இசைத்தட்டு 1953. நமக்கோ அது ஓட்டல் சங்கீதம்!

பள்ளி நாளில் நான் வயலின் பழகியபோது மாடி வீட்டுக்காரர் தினமும் கதவைத் தட்டுவார். அம்மா துணி மாட்டும் மரக் கிளிப்பை எடுத்துக் குதிரையில் மாட்டிவிட்டாள். அன்றுதான் என் வண்டவாளம் தெரிந்தது. வில்லைக் கொஞ்சம் அழுத்தினால் கரகர, கொஞ்சம் விட்டால் ஒலியே இல்லை. அடக்கி வாசிப்பது சுலபமில்லை என்று அந்தக் கிளிப் சொல்லும்.

"பிரெஞ்சு வயலின்காரர் கிராப்பெல்லி 1934-லேயே பாரிஸில் ஜாஸ் வயலின் வாசித்துவிட்டாரே" என்பீர்கள். வாசித்தார், மறுக்கவில்லை. வெங்காய பஜ்ஜி இருக்கிறதே என்று வாழைக்காய் பஜ்ஜியை விட்டுவிட்டோமா?

"ஃபஃபா, பாடகி கார்மென் மிராண்டாவுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர்தானே" என்று இன்னொருவர். ஆமாம், அமெரிக்காவில் வாசித்தார். அதில் என்ன கேவலம்? நானும் கல்யாண வரவேற்புகளில் பந்தி நடக்கும்போது வாசித்தவன்தான். ஒருமுறை சாம்பார் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இலையில் உட்கார்ந்தவர் இரண்டு தடவை கூப்பிட்டும் நகரவில்லை. சனிக்கிழமை உட்கார்ந்திருந்த நாற்பது ரசிகர்களைவிட அவருக்குக் காது இருந்தது. இதைச் சொன்னால் எனக்குத் திமிர் என்பீர்கள். இருக்கட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நாற்காலி போட வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.