அரை மணி நேரத்தில் என்ன தெரிந்துவிடும்?

அக்காவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது, “முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தருகிறேன்” என்றார் ஸ்டூடியோக்காரர். அம்மா தலையாட்டினார். அந்தப் போட்டோவை நம்பி வந்த மாப்பிள்ளை வீட்டார் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, “ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம்” என்று கிளம்பினார்கள். இரண்டு நாள் கழித்துத் தரகர் வழியாகத் தகவல் வந்தது. போட்டோவில் இருந்த நிறம் நேரில் இல்லையாம். இப்படி நான்கு முறை. நான்காவது முறை அக்கா நகைகளைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிட்டாள்.

“அழகில் என்ன இருக்கிறது, குணம்தான் முக்கியம்” என்று அவளைத் தேற்றியவர்கள் மீது எனக்குக் கோபம்தான் வந்தது. முதல் சந்திப்பில் தோற்றம்தான் முந்திக்கொள்கிறது. அதை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும்.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலைன் வால்ஸ்டர் குழுவினர் நடத்திய ஆய்வு ஒன்று 1966இல் வெளியானது. புதிய மாணவர்களுக்கு ஒரு நடன விழா. பொருத்தமான ஜோடியைக் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லி டிக்கெட் விற்றார்கள். உண்மையில் ஆண் உயரமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துவிட்டு, மற்றபடி குருட்டாம்போக்கில்தான் சேர்த்தார்கள். டிக்கெட் வாங்க வந்த இடத்திலேயே ஒவ்வொருவர் தோற்றத்துக்கும் அவர்கள் அறியாமல் மதிப்பெண் போட்டாயிற்று. இடைவேளையில், ஜோடியைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். அறிவும் சுபாவமும் கணக்கில் வரவில்லை. அழகுதான் தீர்மானித்தது, ஆண்களுக்கும் பெண்களுக்கும்.

அந்த மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரே மாலைப் பொழுதில் கண்ணுக்குத் தெரிந்ததைத்தானே அவர்கள் பார்க்க முடியும்?

நான் பிடித்துக்கொண்டிருப்பது 2015இல் லூசி ஹன்ட், பால் ஈஸ்ட்விக், ஈலை ஃபிங்கல் மூவரும் வெளியிட்ட ஆய்வை. 167 ஜோடிகளைப் பார்த்தார்கள். அறிமுகமான சூட்டோடு காதலிக்கத் தொடங்கியவர்கள் அழகில் ஏறத்தாழ ஒரே தரத்தில் இருந்தார்கள். நெடுநாள் பழகிய பிறகு காதலித்தவர்களிடம் அந்தப் பொருத்தம் குறைந்திருந்தது. பழகப் பழக, ஒரே முகம் ஒவ்வொருவர் கண்ணுக்கும் வேறு வேறாகிவிடுகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நம் வழக்கம் அந்தப் பழக்கத்துக்குத்தான் இடமே தருவதில்லை. போட்டோ, உயரம், நிறம், அரை மணி நேரப் பெண் பார்த்தல். நிறத்தை வைத்துத் தேடும் வசதியை ஷாதி.காம் தளம் 2020இல்தான், அதுவும் எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் நீக்கியது. குட்டையான பையன்களும் முன்தலை வழுக்கை விழுந்தவர்களும் இதே சல்லடையில்தான் சிக்குகிறார்கள்.

அக்கா தன்னோடு வேலை பார்த்த கணக்கு ஆசிரியரையே மணந்துகொண்டாள். எப்போது பிடித்தது என்று அத்தானிடம் ஒருமுறை கேட்டேன். “முதல் வருடம் உன் அக்காவை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஒரு நாள் அவள் விடுப்பு. ஆசிரியர் அறை வெறிச்சென்று இருந்தது” என்றார்.

இப்போது அண்ணன் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். இருவரும் ஆறு மாதமாவது பேசிப் பழகட்டும், பிறகு பதில் கேளுங்கள் என்று மன்றாடிக்கொண்டிருக்கிறேன். “ஊர் என்ன சொல்லும்?” என்கிறார் அண்ணன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.