பதாகை கட்டினால் விபத்து குறையுமா?

சாலைப் பாதுகாப்பு வாரம் வந்துவிட்டால் உள்ளாட்சி மன்றங்களுக்குத் திடீர்ச் சுறுசுறுப்பு பிறந்துவிடுகிறது. பேரணி, துண்டறிக்கை, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி, தலைக்கவசத்தோடு உறுப்பினர்கள் வரிசையாக நின்று எடுத்துக்கொள்ளும் படம். எட்டாம் நாளும் பதாகை தொங்கும். அதன் கீழே வண்டிகள் பழைய வேகத்திலேயே பறக்கும்.

"அப்படியானால் விழிப்புணர்வே வேண்டாம் என்கிறீர்களா?" என்று உடனே சண்டைக்கு வருவார்கள். வேண்டும். ஆனால் அது செலவு குறைந்தது, யாரையும் பகைத்துக்கொள்ளத் தேவையில்லாதது. மன்றங்களுக்கு அது அவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு மன்றத்துக்கு இதில் மெய்யான அக்கறை உண்டா என்று அறிய நான் கேட்கும் கேள்வி வேறு: சாலையில் யாரிடமிருந்து எதை எடுத்தீர்கள்? இருபுறமும் கட்டடங்கள் எழும்பிவிட்ட சாலையின் அகலம் இனிக் கூடப்போவதில்லை. நடப்பவருக்கு ஒரு மீட்டர் கொடுத்தால் வண்டிக்கு ஒரு மீட்டர் குறையும். கடக்கும் இடத்தில் பார்வை மறைக்காமல் இருக்க வேண்டுமானால் அங்கே நிற்கும் காரை அகற்ற வேண்டும். எடுக்காமல் கொடுக்கும் வழி எதுவும் இதில் இல்லை.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஹோபோக்கன் என்றொரு சிறு நகரம். மக்கள்தொகை சுமார் 60,000. நெருக்கமான தெருக்கள், கார் நிறுத்த இடமே கிடைக்காத ஊர். அங்கே நகர நிர்வாகம் சந்திப்பு முனைகளை ஒட்டிக் கார் நிறுத்துவதை ஒழித்தது. தடை என்று பலகை வைத்ததோடு விட்டிருந்தால் அடுத்த மணி நேரத்தில் அங்கே ஒரு கார் நின்றிருக்கும். அந்த இடத்தில் கம்பங்களை நட்டார்கள், மிதிவண்டி நிறுத்தும் சட்டங்களை வைத்தார்கள், சில முனைகளில் நடைபாதையையே நீட்டிச் செடி வைத்தார்கள். கடக்க நிற்பவரை ஓட்டுநர் பார்க்கிறார், ஓட்டுநரை அவர் பார்க்கிறார். வேறு வேலைகளும் சேர்ந்தே நடந்தன. 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழாண்டுகளுக்கும் மேலாக அந்நகரச் சாலைகளில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. கார் நிறுத்த இடத்துக்காக அடித்துக்கொள்ளும் ஊரில் அதையே பறிக்க அங்கிருந்தவர்களுக்குத் துணிவு இருந்தது. நான் மெச்சுவது அந்தத் துணிவைத்தான். கம்பத்தை யார் வேண்டுமானாலும் நடலாம்.

அடுத்தது வேகம். எல்லா மன்றங்களும் தயங்கும் இடம் இது. பிரிட்டனின் சாலை விதிக் கையேட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஆபத்தைக் கண்டதிலிருந்து முழுமையாக நிற்க 12 மீட்டர் தேவை. 48 கிலோமீட்டர் வேகத்தில் 23 மீட்டர். படித்தால் 11 மீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் 12 மீட்டர் தொலைவில் ஒரு குழந்தை சாலையில் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கார் குழந்தைக்கு முன்னால் நின்றுவிடும். இரண்டாவது காரின் ஓட்டுநர் சுதாரித்து பிரேக்கை மிதிப்பதற்குள்ளேயே 9 மீட்டர் கடந்துவிடும். மீதி மூன்று மீட்டரில் வேகம் எவ்வளவு குறையும்? கணக்குப் போட்டால், குழந்தையை அடையும்போது அந்தக் கார் இன்னும் 40 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் இருக்கும். இரண்டு ஓட்டுநர்களும் ஒரே அளவு கவனமானவர்கள், ஒரே அளவு நல்லவர்கள். வேகம் மட்டும்தான் வேறு. சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிர்ப்பலி விபத்துகள் ஏறத்தாழ நான்கு விழுக்காடு கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் இதே இயற்பியலின் தொடர்ச்சிதான்.

ஆக, வேகத்தைக் குறைப்பதுதான் மன்றத்தின் தலையாய வேலை. பின்லாந்தின் தலைநகரான ஹெல்சின்கி அதைத்தான் செய்தது. 2025 ஜூலையில், கடந்த 12 மாதங்களில் தங்கள் சாலைகளில் ஒருவர்கூட இறக்கவில்லை என்று அந்த நகரம் அறிவித்தது. ஏழு லட்சம் பேரை நெருங்கும் நகரம் அது. 1980களில் ஆண்டுக்கு முப்பது பேர்வரை அங்கே செத்திருக்கிறார்கள். இன்று அந்நகரத் தெருக்களில் பாதிக்கும் மேல் 30 கிலோமீட்டர் வரம்பு. பலகையோடு நிற்காமல் தெருக்களைக் குறுக்கினார்கள், மரம் வைத்தார்கள், கேமரா வைத்தார்கள், பொதுப் போக்குவரத்தை நல்லபடியாக நடத்தினார்கள். ஓட்டுநர் பலகையைப் படித்து வேகம் குறைப்பதில்லை. சாலை அகலமாக, நேராக, வெறிச்சென்று இருந்தால் கால் தானாக அழுத்துகிறது. 30 என்ற எண்ணை எழுதிவிட்டு 80 கிலோமீட்டருக்கு ஏற்ற சாலையைப் போட்டுக் கொடுப்பது, அபராதம் வசூலிக்க வேண்டுமானால் உதவும்.

இது சுலபமாக நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வேல்ஸ் நாட்டில் 2023 செப்டம்பரில் குடியிருப்புப் பகுதிச் சாலைகளின் பொது வரம்பை மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைத்தபோது, அதை எதிர்த்த மனுவில் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். சிறிய நாட்டில் அது பெரிய எண்ணிக்கை. பின்பு சில சாலைகளைப் பழைய வரம்புக்கே திருப்ப நேர்ந்தது. ஆனால் 20, 30 மைல் வரம்புள்ள சாலைகளைச் சேர்த்துப் பார்த்தால் காயமடைந்தோர் எண்ணிக்கை குறைந்ததை அடுத்து வந்த புள்ளிவிவரங்கள் காட்டின. தப்பித்தவர்களுக்குத் தாங்கள் தப்பித்தது தெரியாது. அவர்கள் மனுப் போடமாட்டார்கள். தாமதமானவருக்கோ தான் இழந்த இரண்டு நிமிடம் நன்றாகத் தெரியும். வாக்குக் கேட்டு வாழும் ஒரு கவுன்சிலரின் தலைவலி எனக்குப் புரியாமல் இல்லை.

புரிகிறது என்பதால் மன்னிக்க வேண்டும் என்பதில்லை.

பெரும்பாலான மன்றங்களில் நடைமுறை எப்படி இருக்கிறது? காவல்துறை தரும் விபத்துக் குறிப்புகளை வரைபடத்தில் புள்ளியாக வைப்பார்கள். புள்ளிகள் குவிந்த இடத்துக்குப் பொறியாளர் போவார், திட்டம் போடுவார், நிதி கேட்பார். முறை சரிதான். கோளாறு இரண்டு இடத்தில் இருக்கிறது. காவல்துறையிடம் பதிவாகாத விபத்து ஏராளம். மருத்துவமனைக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் தெளிவாகும். மிதிவண்டியில் தானாகச் சறுக்கி விழுந்து கை ஒடித்துக்கொண்டவர் காவல் நிலையத்துக்கா போவார்? இரண்டாவது கோளாறு இன்னும் மோசம்: புள்ளி விழக் காத்திருப்பது. "இந்த இடத்தில் இன்னும் போதிய விபத்து நடக்கவில்லை" என்று ஒரு மன்றத்தின் பதில் கடிதத்தில் படித்தேன். எழுதியவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஒரு விதி இருக்கிறது, அந்த விதிக்குள் அவர் எழுதுகிறார். ஆனாலும் அந்த வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்கலாம்.

ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997இல் ஏற்றுக்கொண்ட 'பூஜ்ய இலக்கு'க் கொள்கை இந்தப் பழக்கத்தைத்தான் புரட்டிப் போட்டது. மனிதர் தவறு செய்வார். அந்தத் தவறுக்கு உயிர் விலையாகக் கூடாது. சாலையை அமைத்தவருக்கும் பொறுப்பு உண்டு. இவ்வளவுதான் கொள்கை. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று அறிக்கையில் எழுதியவுடன் கோப்பை மூடிவிடும் வழக்கம் எங்கும் இருக்கிறது. கவனக்குறைவு உண்மையாகவே இருக்கலாம். அந்தக் கவனக்குறைவு ஏன் இந்தச் சந்திப்பில் மட்டும் ஆண்டுதோறும் ஆள் கொல்கிறது என்று கேட்க வேண்டியது மன்றம். நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில் வண்டியும் வண்டியும் மோதிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32. அதையே ஒற்றைத் தட ரவுண்டானாவாக மாற்றினால் 8. மோதினாலும் நேருக்கு நேராகவோ விலாவிலோ மோதாமல் சாய்வாக, குறைந்த வேகத்தில் மோதும். ஓட்டுநர்களின் குணம் ஒன்றும் அங்கே மாறிவிடுவதில்லை.

வேகத்தடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னூட்டத்தில் விடமாட்டீர்கள். தரப்படி கட்டி, முன்கூட்டியே தெரியும்படி வண்ணம் பூசி, விளக்கும் இருந்தால் அது நல்ல கருவி. செல்வாக்குள்ளவர் வீட்டு வாசலில் ஒரே இரவில் முளைக்கும் தார்க் குன்று வேகத்தடை இல்லை. இருட்டில் இருசக்கர வண்டிக்காரரைத் தூக்கி எறியும் பொறி அது. ஆம்புலன்ஸ் போகும் தடம் என்றால், பெரிய வண்டிகளின் சக்கரங்கள் இருபுறமும் தாண்டிச் செல்லும்படியான குறுகிய மேடுகளை வைக்கலாம். பள்ளி வாசலில் கடவையையே, அதாவது நடப்பவர் சாலையைக் கடக்கும் இடத்தையே, நடைபாதை உயரத்துக்கு மேடாக்கிவிடுவது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. பிள்ளைகள் சாலையில் இறங்கவே வேண்டாம், வண்டிதான் ஏறி இறங்கிப் போக வேண்டும்.

பராமரிப்பு பற்றி யாரும் பேசுவதில்லை. திறப்பு விழா இல்லாத வேலை என்பதாலோ என்னவோ. அழிந்துபோன கடவைக் கோடு, கிளை மறைத்த எச்சரிக்கைப் பலகை, எரியாத தெருவிளக்கு. இவற்றுக்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. மாதம் ஒருமுறை இரவில் சுற்றிவர ஓர் ஆளும், அவர் எழுதித் தருவதை மதிக்க ஓர் அதிகாரியும் போதும்.

அப்புறம், செய்த வேலை பலித்ததா என்று யார் பார்க்கிறார்கள்? ஒரு சந்திப்பில் ஓராண்டில் விபத்து எகிறினால் அடுத்த ஆண்டு எதுவும் செய்யாமலே ஓரளவு இறங்கும். எண்களின் இயல்பு அது. அந்த இறக்கத்தைத் தங்கள் சாதனையாகப் பலகையில் எழுதிக்கொள்ளும் மன்றங்களும் உண்டு. எனவே வேலைக்கு முன்பும் பின்பும் வண்டிகளின் வேகத்தை அளக்க வேண்டும். சில ஆண்டு எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கைவைக்காத ஒத்த சாலை ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பிரிட்டனில் உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் சாலைகளில் நடக்கும் விபத்துகளை ஆராய்ந்து தடுப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 39ஆம் பிரிவே சொல்கிறது. ஆராய்வது கடமை என்று சட்டத்தில் எழுதி வைத்துவிட்டால், குறைந்தபட்சம் ஏன் ஆராயவில்லை என்று கேட்க ஒரு பிடி கிடைக்கிறது.

எதிர்ப்புக்குப் பயந்து கைகட்டி நிற்கும் மன்றங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. முதல் நாளே கான்கிரீட் போட வேண்டாம். வண்ணம் அடியுங்கள், நெகிழும் கம்பங்களை நடுங்கள், ஆறு மாதம் ஓடவிடுங்கள். பிரிட்டனில் இப்படிப்பட்ட சோதனை ஆணையை 18 மாதம்வரை நீட்டிக்கச் சட்டமே இடம் தருகிறது. மக்கள் ஆட்சேபங்களையும் அந்தக் காலத்திலேயே வாங்கிக்கொள்கிறார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று அஞ்சும் கடைக்காரரும் பார்க்கட்டும், சுற்றுப் பாதையில் நெரிசல் வரும் என்பவரும் பார்க்கட்டும். வேகமும் வண்டி எண்ணிக்கையும் அளந்த தாளை மன்ற வாசலில் ஒட்டுங்கள், மாற்றம் கேட்கும் எங்களுக்குப் பிடிக்காத எண்ணாக இருந்தாலும் ஒட்டுங்கள். சரிவரவில்லை என்றால் கம்பத்தைப் பிடுங்கிவிட்டு அடுத்த ஏற்பாட்டை முயலுங்கள். அதற்காக யாரும் உங்களைக் குறை சொன்னால் அவர்களோடு வாதாட நானே வருகிறேன்.