பபூனுக்கு மைக் உண்டு, வள்ளிக்கு இல்லை

பங்குனி பிறந்தால் ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை 'வள்ளி திருமணம்' நாடகப் போஸ்டர்தான். கூடவே ஒரு புலம்பலும் வரும்: "பாதி நாடகத்துல போலீஸ் மைக்கை நிப்பாட்டிட்டாங்க." இதில் பாதிதான் நியாயம். மீதிக்கு விழாக் கமிட்டிகளே பொறுப்பு.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. சமய, பண்பாட்டு விழாக்களுக்கு மாநில அரசு 12 மணி வரை தளர்த்தலாம். அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. 'விடிய விடிய நாடகம்' என்று மனு எழுதிப் போனால், ஸ்டேஷனில் யார் உட்கார்ந்திருந்தாலும் கையெழுத்துப் போட வழியில்லை. அதனால் எழுத்தில் 10 மணி வாங்கிக்கொண்டு, 'மத்ததைப் பாத்துக்கலாம்' என்று மேடையைப் போடுகிறார்கள். நடுராத்திரி யாராவது ஒருத்தர் போன் போட்டுப் புகார் சொன்னால் அந்தப் 'பாத்துக்கலாம்' முடிந்தது.

இதில் அடிபடுவது யார் என்பதுதான் என் ஆதங்கம். ராத்திரி பத்துக்குத்தான் ஆர்மோனியமே தொடங்கும். பிறகு பபூன் என்கிற கோமாளியின் காமிக், அதன்பின் பபூனும் டான்ஸும். வள்ளி வந்து, நாரதர் வந்து, தர்க்கம் சூடு பிடிக்க ராத்திரி ஒரு மணி தாண்டிவிடும். ராஜபார்ட், அதாவது கதாநாயகன் முருகன், வேடனாக வருவதும் விருத்தனாக (கிழவனாக) வருவதும் அதற்கும் பிறகு. 12 மணிக்கு மைக் போனால் போவது நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மரபில் வந்த பாட்டும் தர்க்கமும். இரட்டை அர்த்தப் பேச்சு அதற்குள் ஊர் முழுக்கக் கேட்டு முடிந்திருக்கும். ஆபாசம் கூடாது என்பது நாடக அனுமதி வழக்குகளில் கோர்ட் போடும் நிபந்தனை. நாமோ அந்தப் பகுதிக்கு மட்டும் மைக் வைத்து நடத்துகிறோம்!

நேரத்தை மாற்றினால் போதும்: மாலை ஆறரைக்கு ஆர்மோனியம், ஆறே முக்காலுக்குக் காமிக், ஏழேகாலுக்கு வள்ளி. எட்டரை வரை நாரதர் தர்க்கம், பத்து வரை ராஜபார்ட். தாராளமாக முடியும். "ஆறரைக்கு எவன் வருவான்?" என்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன. அந்த நாட்களில் வராதவர்கள் பிறகு எப்போது வரப்போகிறார்கள்? சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நடிகர்களைத் தனித்தனியாக அமர்த்தி நடத்தும் இந்த 'ஸ்பெஷல் நாடக'த்துக்கு ஒத்திகை கிடையாது. ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து அன்றைக்கு மேக்கப் போடும் இடத்தில்தான் சந்திப்பார்கள். தன் சீன் ரெண்டு மணிக்குத்தான் என்று பழகிய ராஜபார்ட் நடிகர் சாவகாசமாகத்தான் வருவார். அட்வான்ஸ் ரசீதிலேயே ஒவ்வொருவருக்கும் மேடையேறும் நேரத்தை எழுதிக் கையெழுத்து வாங்கணும். வாய்ச்சொல் இதற்கு உதவாது.

அடுத்தது சவுண்ட். விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல். ஒலிபெருக்கி வைக்கும் இடத்தின் எல்லையில் அதைவிட 10 கூடலாம், அதாவது 65. கிழக்குத் தெருவுக்கு நாலு, மேற்குத் தெருவுக்கு நாலு என்று குழாய் ஒலிபெருக்கியைக் கட்டினால் முதல் பாட்டிலேயே இதைத் தாண்டிவிடும். குழாய்க்குத் தடை இருக்கிறது என்பது வேறு. கூட்டம் இருக்கும் பக்கமாக மட்டும் இரண்டு பாக்ஸ், நடுவில் இன்னும் இரண்டு, எல்லாம் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து. போதும்.

நம் கரையில் காற்றைப் பார்க்காமல் மேடை போடக்கூடாது. கச்சான் (மேல்காற்று) அடிக்கும் மாதங்களில் மேடை மேற்கே இருந்து கிழக்கே பார்க்கட்டும். காற்றுப் போகும் திசையில் சத்தம் கீழே வளைந்து கூட்டத்தின் மேல் இறங்கும். எதிர்க்காற்றில் மேலே எழும்பி, கடைசி வரிசைக்கு ஒன்றும் கேட்காது. அங்கே உட்கார்ந்தவர்கள் கத்த, ஆபரேட்டர் வால்யூமைக் கூட்ட, புகார் பிறப்பது அப்படித்தான். காற்றுக்கு முதுகு காட்டி மேடை போட்டால் பின்படுதா படகுப் பாய் மாதிரி புடைக்கும். கீழே கம்பு கோத்துக் கட்டி, நடுவில் நாலைந்து இடத்தில் பிறை வடிவில் வெட்டிவிட்டால் காற்று ஓரளவு போய்விடும். மைக்குகளுக்குப் பஞ்சு உறை இல்லாவிட்டால் வசனத்துக்குப் பதில் காற்றுத்தான் கேட்கும். கடற்கரை மேல்மணல் காய்ந்து கிடக்கும், அதில் எர்த் பிடிக்காது. ஈரம் தட்டுகிற ஆழம் வரை கம்பியை இறக்கணும். கொக்கி போட்டுக் கரண்ட் எடுப்பவர்களிடம் பேசிப் பயனில்லை.

அரசியல் பக்கம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு 2019-இல் ஏப்ரல் 18, 2021-இல் ஏப்ரல் 6, 2024-இல் ஏப்ரல் 19. மூன்று முறையும் நம் திருவிழா சீசனிலேயே விழுந்தது. நாடக மேடைக்கு அரசியல் புதிதல்ல. வெள்ளைக்காரனைப் பாடிச் சிறைக்குப் போய், 1940-இல் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிரை விட்ட நடிகர் விஸ்வநாததாஸின் மரபு இது. விலைவாசியைப் பபூன் கிண்டலடிப்பதைத் தடுக்கச் சொல்பவன் நானில்லை. ஆனால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126-ஆம் பிரிவு, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் இசைக் கச்சேரி, நாடகம் வழியாகத் தேர்தல் பிரச்சாரம் செய்வதைத் தடுக்கிறது. வெறும் வள்ளி திருமணம் அதில் மாட்டாது. பபூன் போகிற போக்கில் ஒரு சின்னத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் மாட்டும், கமிட்டியும் சேர்ந்து. அட்வான்ஸ் கொடுக்கும்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.